மூன்றாம் மேசையில் ஒரு காலி நாற்காலி

அன்பு மகளுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல எழுதும் கடிதம். இங்கே நான் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும்.

ஆற்றுப் பாலத்தின் நடுத்தூண் வெள்ளத்தோடு போன வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும். ரயில்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து, வந்த தபாலெல்லாம் ஸ்டேஷனிலேயே நனைந்து கூழானதும் அதே வருஷம்தான். காற்றில் சினிமாக் கொட்டகையின் கூரை பறந்துபோய், அப்படியும் படம் முடிகிறவரை ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை என்று ஊரே சொல்லிச் சிரித்தது. அந்த வருஷம் நீ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாய். அந்த வருஷம்தான் உன்னை என் பக்கத்திலிருந்து பிடுங்கிக்கொண்டுபோய் மூன்றாம் மேசையில் உட்கார வைத்தார்கள்.

இதை எழுதுகிறவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார். பார்க்கட்டும். சொன்னதைச் சொன்னபடி எழுதுவதாகத்தான் பேச்சு.

எழுத்தைப் பார்த்ததுமே யாரென்று உனக்குத் தெரிந்திருக்கும். உன் வாத்தியார்தான். வழக்கமாக எனக்கு எழுதித் தருகிற தையல்காரம்மா, தன் மகள் வீட்டுப் பிரசவத்துக்குப் போய்விட்டாள். ஊரில் வேறு ஆளா இல்லை என்று கேட்பாய். இருக்கிறார்கள். ஆனால் நீ போட்ட கடிதம் இவர் விலாசத்துக்கல்லவா வந்திருக்கிறது? அப்பாவுக்கும் சாருக்கும் என்று ஒரே கடிதம். அதை என் வீட்டுக்குப் போட்டு இவரைக் கீழே இறங்கி வரச் சொல்லியிருந்தால் குறைந்தா போயிருப்பாய்? நான் மூச்சு இரைக்க மேடு ஏறி வந்து, என் மகள் எனக்கு என்ன எழுதியிருக்கிறாள் என்று இன்னொரு ஆள் வாயால் கேட்டுக்கொண்டேன். அதுவும் நீ எழுதிய வேடிக்கைக்கு முதலில் இவர் சிரித்துவிட்டு, பிறகுதான் எனக்குப் படித்தார். நான் சிரிக்கும்போது வேடிக்கை ஆறிப்போயிருந்தது. சரி, பதிலையும் நீங்களே எழுதுங்க சார் என்று உட்கார்ந்துவிட்டேன்.

இவர் சமையலறை மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறோம். ஜன்னல் விளிம்பு முழுக்கக் கற்கள். மலை மலையாக அலைந்து பொறுக்கியது எல்லாம் இப்போது தூசி பிடித்துக் கிடக்கிறது. குழாய் சொட்டுகிறது. வாஷர் போய்விட்டது, எழுதி முடித்ததும் மாற்றிக் கொடுப்பேன். தாளில் இடது பக்கம் ஏகப்பட்ட இடத்தை விட்டுவிட்டுத்தான் ஒவ்வொரு வரியையும் தொடங்குகிறார். எனக்கு எழுத்துதான் தெரியாது, கோடு கோணுவது தெரியாதா? வரவர வரி வலது பக்கமாகவே நகர்ந்து போகிறது. ஏன் சார் காகிதத்தை வீணடிக்கிறீங்க என்றேன். படிச்சவங்க இப்படித்தான் எழுதுவாங்க அண்ணே என்றார். இவர் என்னை அண்ணே என்பார், நான் இவரை சார் என்பேன். ஆரம்பத்திலிருந்து அப்படித்தான். இவர் இறங்கி வந்தாலும் நான் இறங்கவில்லை.

நீ கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். சாப்பாட்டுக் கூடத்தை இடிக்கப்போவது உண்மைதான். புதுக் கூடம் கட்டிவிட்டார்கள், கண்ணாடிச் சுவர். பிள்ளைகள் தட்டை ஏந்தி வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு, இஷ்டப்பட்ட இடத்தில் உட்கார்ந்து, காதில் எதையோ மாட்டிக்கொண்டு சாப்பிடுவார்கள். மேசை முறை இத்தோடு சரி. அடுத்த மாதம் பழைய ஆட்களையெல்லாம் கூப்பிட்டுக் கடைசியாக ஒரு மத்தியானச் சாப்பாடு. அதற்குத்தான் நீ வருகிறாய். எனக்காக இல்லை, மேசைக்காக. பரவாயில்லை, எதற்காக வந்தாலும் வருவது நீதானே.

மேசை முறை உனக்குத் தெரியாததில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டுவாய், அவருக்காகச் சொல்கிறேன். எங்கள் பல்கலைக்கழகம் சின்னது, மாப்பிள்ளை. ஒரு முனையில் தும்மினால் மறுமுனையில் ஆயுசு நூறு என்பார்கள். முதல் துணைவேந்தர், பெரியவர் என்போமே, அவர் எங்களையெல்லாம் கூப்பிட்டு வைத்துச் சொன்னார். பெரிய இடங்கள்ல பெரிய கட்டடம் இருக்கு, பெரிய பேர் இருக்கு. நம்மகிட்ட ஒண்ணும் இல்ல. அதனால நம்ம இடத்துல ஆளுக்கு ஆள் தெரியணும், தெரியாத முகம்னு ஒண்ணு இருக்கக் கூடாது என்றார். ஒவ்வொரு சாப்பாட்டு மேசைக்கும் சில பிள்ளைகள், ஒரு வாத்தியார், வேலைக்காரர்களில் ஒருத்தர். படிப்பு முடிகிறவரை தினமும் மத்தியானம் அதே மேசை, அதே ஆட்கள். சமையல்கார அம்மாவும் உட்கார வேண்டும், தோட்டக்காரரும் உட்கார வேண்டும், பம்ப் ஓட்டிக் குழாய் பார்க்கிற நானும் உட்கார வேண்டும். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் தண்ணிக்காரர்.

வெளியூரிலிருந்து வந்து பார்த்த ஒரு பெரிய மனிதர், இது என்ன பல்கலைக்கழகமா, கல்யாண வீடா என்று கேட்டாராம். எந்தப் பையனுக்குக் காய்ச்சல், எந்தப் பெண் வீட்டில் தகராறு, யார் பாடத்தில் தேறமாட்டான் என்பதெல்லாம் அந்த மேசைகளில்தான் முதலில் தெரியும். இரண்டு நாள் ஒரு பிள்ளை சாப்பிட வரவில்லை என்றால் மேசையே எழுந்து தேடிப் போகும்.

ஒரே ஒரு தடைதான். சொந்தக்காரர்கள் ஒரே மேசையில் உட்காரக் கூடாது. சொந்தம் சொந்தத்தோட உக்காந்தா பேச்சு வீட்டுக்குள்ளயே சுத்தும் என்பது பெரியவர் வாதம். நான் ஐந்தாம் மேசை. நீ மூன்றாம் மேசை. நடுவில் ஒரே ஒரு மேசை. நான் அவரிடம் போய் நின்று, ஐயா எனக்கு இருக்கிறது ஒரே பொண்ணு என்றேன். அவர் தோளைத் தட்டிவிட்டு, வீட்ல உன் பொண்ணா இருக்கட்டும்ப்பா, இங்க எல்லாருக்கும் பொண்ணா இருக்கட்டும் என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்குப் பிள்ளை கிடையாது.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் உன் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் நான் சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் தெரியாது. நீ எப்போது சிரித்தாய் என்று கேள், சொல்கிறேன். வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டு ஒருநாள் நீ சிரித்த சிரிப்பில் புரையேறி, மேசையே எழுந்து உன் தலையைத் தட்டியது. இவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்து, இது மலையைவிட வயசானது, இதுக்கு முன்னாடி மரியாதையா சிரிக்கணும் என்றாராம். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. சாயங்காலம் நீயே வந்து சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று இன்றுவரை விளங்கவில்லை. இப்போது எழுதும்போதும் இவர் மட்டும் சிரித்துக்கொள்கிறார்.

அந்தக் கல்லை வைத்துத்தான் பிள்ளைகள் இவருக்குப் பெயரும் வைத்தார்கள். ஊரே அந்தப் பெயரால் கூப்பிட்டது. நான் கூப்பிட்டதில்லை. செல்லப் பெயர் வைத்துக் கூப்பிட இவர் எனக்கு யார்? இவர் உனக்கு வைத்த பெயர் கேள்விக்குறி. ஓயாமல் எதையாவது கேட்டுக்கொண்டே இருந்தாய் என்று. என்னிடம் கேள்வி கேட்டிருக்கிறாயா நீ? பம்ப் அறைக்கு வந்தால், பசிக்குதுப்பா, செருப்பு அறுந்துடுச்சுப்பா, இவ்வளவுதான். மலை எப்படி வந்தது என்று என்னிடம் கேட்டிருந்தால் எனக்கும் தெரியாதுதான். ஆனாலும் கேட்டிருக்கலாம்.

படிப்பு முடிந்ததும் உனக்கு வேலைக்கு ஆள் பிடித்ததும் இவர்தான். கூடப் படித்தவர் ஒருத்தர் அங்கே கல்லையும் மண்ணையும் ஆராய்கிற இடத்தில் பெரிய பதவியில் இருந்தார். இவர் பரீட்சை மதிப்பெண்ணைப் பற்றி எழுதவில்லையாம். இந்தப் பெண்ணோடு பல வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறேன் என்றுதான் எழுதினாராம். அந்த ஒரு வரிக்கு வேலை கிடைத்தது. சின்ன இடத்தில் படித்த பெண்ணை வேறு யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? எனக்கு எல்லாம் தெரியும். இதே நான் சிபாரிசுக்குப் போயிருந்தால் யாரிடம் போயிருப்பேன்? எனக்குத் தெரிந்த பெரிய மனிதர் பைப்பும் வால்வும் விற்கிற கடைக்காரர்தான். அவர் உன்னைக் கல்லாவில் உட்கார வைத்திருப்பார். நீ இங்கேயே இருந்திருப்பாய். அது நல்லதில்லை என்று எனக்கும் புரிகிறது. புரிகிறது என்பதற்காக வயிறு எரியாமல் இருக்குமா?

இனிச் சொல்வதை இவரே எழுத வேண்டும் என்றுதான் உட்கார வைத்திருக்கிறேன்.

உன் அம்மா போனபோது நீ வீட்டில் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாய், டீ கொடுத்தாய், என் சட்டையைத் துவைத்துப் போட்டாய். கல்நெஞ்சுக்காரி என்றுகூட உன் அத்தை முணுமுணுத்தாள். காரியமெல்லாம் முடிந்து பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிய முதல் நாள், மூன்றாம் மேசையில் தட்டு வந்ததும் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாய். கூடம் முழுக்கக் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. நான் ஐந்தாம் மேசையில் தண்ணீர் ஜாடியோடு நின்றுகொண்டிருந்தேன். பெற்றவன் நான் அங்கே நிற்கிறேன். இவர் உன் தட்டில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, சாப்பிடும்மா, அழுதுக்கிட்டே சாப்பிடு என்றார். நீயும் சாப்பிட்டாய். அம்மாவுக்காக நீ அழுத அழுகை என் வீட்டில் விழுந்திருக்க வேண்டியது. இவர் மேசையில் போய் விழுந்தது. வேறு எதை மறந்தாலும் இதை நான் மறக்கவில்லை என்று இவருக்கும் தெரியட்டும், எழுதுங்க சார் என்றேன்.

எழுதவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு சொட்டுகிற குழாய்க்கு அடியில் ஒரு டம்ளரை வைத்தார். பிறகு, அண்ணே, சொல்லக் கூடாதுன்னு அவ என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா, ஆனா இனிமே வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறேன் என்றார். அப்பா வீட்ல கல்லு மாதிரி உக்காந்திருக்கார் சார், நான் அழுதா அவர் உடைஞ்சுபோயிடுவார், அதனால இங்க அழுதுட்டுப் போறேன் என்று நீ சொன்னாயாம். மறுநாளும் அழுதாயாம். நான் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடிக்கு ஏறிய பிறகு.

எழுந்துபோய்க் குழாயைக் கழற்றி மாட்டினேன். வாஷர் மாற்றியாகிவிட்டது, இப்போது சொட்டவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, அதையும் உங்ககிட்டத்தான் சொன்னாளா சார் என்று கேட்டேன். இவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. நான் உடைந்துபோவேன் என்பதைக்கூட நீ என்னிடம் சொல்லாமல் இவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாய் மகளே. உடைந்தால் உடைந்திருப்பேன். இரண்டு பேருமாக உட்கார்ந்து பொறுக்கியிருக்கலாம்.

சரி, அது கிடக்கட்டும்.

உங்கள் மேசையில் உட்கார்ந்த தோட்டக்காரர் போன குளிர்காலத்தில் போய்விட்டார். எழுதச் சொல்லியிருந்தேன், தையல்காரம்மா எழுதினாளோ என்னவோ. கடைசிச் சாப்பாட்டுக்கு மூன்றாம் மேசையில் அவருடைய நாற்காலி காலி. எல்லாவற்றையும் ஏற்பாடு செய்கிற ஆபீஸ் பெண்ணிடம் போய், இப்பவும் அந்தச் சொந்தக்காரங்க விஷயம் உண்டாம்மா என்று விசாரித்தேன். அப்படி ஒன்று இருந்ததே அவளுக்குத் தெரியவில்லை. யார் வேணும்னாலும் எங்க வேணும்னாலும் உக்காரலாம் தாத்தா என்றாள். அவ்வளவு சுலபமாகப் போய்விட்டது. நான் நேரே தையல்கடைக்குப் போய் வெள்ளைச் சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தேன். உன்னோடு அந்தக் கூடத்தில் ஒருநாள், ஒரே ஒருநாள், ஒரே மேசையில் சாப்பிட வேண்டும். இந்த ஆசை எனக்குப் பாலம் உடைந்த வருஷத்திலிருந்து இருக்கிறது.

ஆனால் மூன்றாம் மேசைக்கு மூத்தவர் உன் வாத்தியார். அவர் கூப்பிடாமல் நான் போய் உட்கார மாட்டேன். நானாகக் கேட்கவும் மாட்டேன். நாற்காலி காலியா இருக்காமே என்று மட்டும் சொல்லி வைத்தேன். ஆமா என்றார். தோட்டக்காரர் நல்ல மனுஷன் என்றேன். ஆமா என்றார். இப்படியே ஒரு டீ முடிந்தது. கடைசியில் இப்போதுதான், பேனாவைத் திருகிக்கொண்டே, அண்ணே, நீங்க எங்க மேசைக்கு வந்துடுங்களேன், அவ பக்கத்துல உக்காந்துக்குங்க என்றார்.

கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? இவ்வளவு காலம் காத்திருந்து கிடைத்தது. வர முடியாது சார் என்று சொல்லிவிட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். இவர் மகன் என் மேசைப் பையன் என்பது உனக்குத் தெரியும். ஐந்தாம் மேசையில் என் எதிரில் உட்கார்ந்து முட்டையை முழுசாக விழுங்குவானே, அவன்தான், இப்போது டாக்டராக இருக்கிறான். வெளியூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்கிறான். இவருக்குச் செய்தால், சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அவ்வளவுதான். எனக்குச் செய்தால் அடுப்பில் வைத்தது அடிப்பிடிக்கிறவரை பேச்சு. கட்டிக்கப்போகிற பெண்ணைப் பற்றிக்கூட என்னிடம்தான் முதலில் சொன்னான். இதைச் சொல்லும்போது பேனா தாளைக் கிழிக்கிற மாதிரி அழுந்துகிறது. உன் வாத்தியாருக்கும் வயிறு இருக்கிறது, அதுவும் எரியும் என்று தெரிந்துகொள்.

அவனும் சாப்பாட்டுக்கு வருகிறான். எங்கள் மேசையில் மூட்டை என்று பெயர் வாங்கியவனும் வருகிறான். வாயாடி என்போமே, அந்தப் பெண்ணும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறாளாம். எங்கள் மேசைக்கு வாத்தியாராக இருந்த சரித்திர அம்மா போய்ப் பல வருஷம் ஆகிறது. நானும் எழுந்து மூன்றாம் மேசைக்கு வந்துவிட்டால், அவ்வளவு தூரம் வருகிற பிள்ளைகளை வாங்க என்று சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்?

அதுகூடப் பெரிதில்லை, கொஞ்ச நேரம் எழுந்து வரலாம். போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் போனில் வேறொன்று சொன்னான். இவருக்குத் தலைக்குள் ஒரு சின்ன ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டதாம். கை கால் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் இடது பக்கம் பார்வை இல்லை. இரண்டு கண்ணிலும் இடது பாதி இல்லையாம். அதை இவர் ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை.

இந்த இடத்தில் எழுத மாட்டேன் என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அது எனக்கும் டாக்டருக்கும் உள்ள விஷயம் அண்ணே என்றார். என் பொண்ணு அழுதது எனக்கும் அவளுக்கும் உள்ள விஷயம் இல்லையா சார், அதை நீங்க வெச்சிருந்தீங்க, உங்க பையன் சொன்னதை நான் வெச்சிருந்தேன், இப்போ ரெண்டும் வெளிய வந்தாச்சு, எழுதுங்க என்றேன். எழுதுகிறார்.

மகளே, இந்தக் கடிதத்தைத் தள்ளி வைத்துப் பார். இடது பக்கம் எவ்வளவு வெள்ளையாகக் கிடக்கிறது என்று பார். இவர் தட்டிலும் அப்படித்தான். இன்றைக்கு அவித்த உருளைக்கிழங்கு வைத்தார், வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டுப் போதும் என்று தள்ளிவிட்டார். நான் பேசிக்கொண்டே தட்டை அரைச் சுற்று திருப்பி வைத்தேன். அட, இன்னும் இருக்கே என்று அதையும் சாப்பிட்டார். பசியோடுதான் எழுந்திருக்கப் பார்த்தார் என்று இவருக்கே தெரியவில்லை.

நீ எப்போதும் இவருக்கு எதிரில்தான் உட்காருவாய். இந்தத் தடவை இவருக்கு இடது பக்கம் உட்கார். தோட்டக்காரர் நாற்காலி அந்தப் பக்கம்தான் இருக்கிறது, அதில் உட்கார். தண்ணீர் டம்ளரை எடுத்து வலது பக்கம் வை. சாப்பாட்டுக்கு நடுவில் தட்டை ஒருதரம் திருப்பி வை. கேட்டுவிட்டுச் செய்யாதே, கேட்டால் எல்லாம் தெரியுது என்பார். இடது பக்கத்திலிருந்து வந்து பேசுகிறவர்களின் பெயரை நீ முந்திக்கொண்டு சொல்லிவிடு. நான் அங்கே வந்து உட்கார்ந்தால் நீ என் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாய். பார்ப்பாய் என்றுதான் நம்புகிறேன். எனக்கு இரண்டு கண்ணும் முழுசாகத் தெரிகிறது. ஐந்தாம் மேசையிலிருந்து உன்னைப் பார்த்துப் பழக்கமும் இருக்கிறது.

ஆனால் ஒன்று. பஸ்ஸை விட்டு இறங்கியதும் இந்தத் தடவை முதலில் என் வீட்டுக்கு வர வேண்டும். போன தடவை மாதிரி இங்கே மேட்டில் டீ குடித்துவிட்டு, பொழுது சாய்ந்து அங்கே வந்து, சாப்பிட்டாச்சுப்பா என்று சொல்லாதே. ராத்திரிச் சாப்பாடு என்னோடு. நம் மேசை சின்னது, நீயும் மாப்பிள்ளையும் நானும் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். உன் வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு வருவாய் என்று எனக்குத் தெரியும். வரட்டும். நாற்காலியை அவர் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு வரச் சொல். மேட்டில் இறங்கும்போது இடது பக்கம் கால்வாய் இருக்கிறது, அந்தப் பக்கம் நீ நட.

நம் வீட்டுக்கு வந்து அழ வேண்டும் என்று தோன்றினால் அழு. நான் உடைய மாட்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். உன்னைத் தெரிந்தவர்கள் உனக்கு எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். சின்ன இடத்தில் வளர்ந்தவளுக்கு வேறு என்ன சொல்லி வாழ்த்துவது?

இப்படிக்கு,
உன் அப்பா,
தண்ணிக்காரர்.

கீழே எழுதியவர் என்று என்ன பெயர் போட அண்ணே என்று கேட்கிறார். பொறுங்க சார் என்றேன். நீ முதல் நாள் போய் உட்கார்ந்தபோது அந்தக் கூடத்தின் மேசைகளில் இருந்த பெரியவர்களை மனதுக்குள் ஒருதரம் சுற்றி வந்தேன். முதல் மேசையில் பெரியவர், போய்விட்டார். இரண்டில் சமையல்கார அம்மா, அவள் பக்கத்தில் கணக்கு வாத்தியார், இரண்டு பேரும் ஒரே கோடையில் போனார்கள். நான்கில் புத்தகம் கட்டுகிறவர், ஐந்தில் சரித்திர அம்மா, கடைசி மேசையில் மணி அடிக்கிறவர், மூன்றில் தோட்டக்காரர், இப்படி ஒவ்வொருவராக எல்லாரும் போய்விட்டார்கள். அந்தக் கூடத்தில் உன் சிரிப்பையும் அழுகையையும் நேரில் கேட்ட பெரியவர்களில், என்னை விட்டால், இன்னும் உயிரோடு இருக்கிறவர் ஒருத்தர்தான். அவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயரையே போடச் சொன்னேன்.

எழுதியவர்,
கூழாங்கல்.